கேபி குறைவு என்றால் மேல்வானம் அமைதியா? விண்வெளி வானிலைக் கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் மாதத்து மாலை, மணி ஏழரை. திருநெல்வேலிப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஜிபிஎஸ் ரிசீவரின் திரையைப் பாருங்கள். அதுவரை சீராக வந்த சிக்னல் கோடு திடீரென்று ரம்பப் பல் போல ஏறி இறங்கும். சில செயற்கைக்கோள்களின் தொடர்பு அறுந்தே போகும். புவியின் காந்தப்புலம் உலக அளவில் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று காட்டும் கேபி (Kp) குறியீட்டை அதே நேரத்துக்கு எடுத்துப் பார்த்தால் 1 என்று இருக்கும். உலகக் கணக்கில் அது அமைதியான நாள்.

புதிதாக இந்த ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். கேபி என்பது 13 காந்த ஆய்வகங்களின் அளவீடுகளிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கும் எண். அந்த ஆய்வகங்கள் எல்லாமே நிலநடுக்கோட்டை விட்டு வெகுதூரம் தள்ளி இருப்பவை. புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடோ தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963-இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ராக்கெட் ஏவத் தொடங்கியதற்கும், நெல்லை கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம் அமைந்ததற்கும் அதுதான் காரணம்.

வளிமண்டலத்தின் மேலே, மின்னூட்டம் பெற்ற வாயு (பிளாஸ்மா) நிறைந்த பகுதிதான் அயனிமண்டலம். பொழுது சாய்ந்ததும் அதன் கீழடுக்கு வேகமாகக் கரைந்துவிடும். மேலடுக்கு இன்னும் உயரே எழும்பும். அடர்ந்த பிளாஸ்மா மேலே, நீர்த்தது கீழே. எண்ணெயின் மேல் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் முட்டிக்கொண்டு மேலே வருமே, அப்படித்தான் நீர்த்த பிளாஸ்மா குமிழிகளாகக் கிளம்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஏறுகிறது. அதன் ஊடே வரும் ரேடியோ அலைகள் சிதறுவதுதான் நாம் திரையில் பார்த்த நடுக்கம். இதற்குச் சூரியப் புயல் தேவையே இல்லை. சில புயல்கள் இந்தக் குமிழிகளை அமுக்கியும் விடுகின்றன! ஆகவே நம் பகுதிக்குக் கணிக்கிறவர் கேபியைவிட, அந்தி நேரத்தில் மேலடுக்கு எவ்வளவு வேகமாக எழும்புகிறது என்பதையும், பருவத்தையும், சூரியனின் சீற்றம் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சூரியச் சுழற்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இவ்வளவு பார்த்தும், நேற்று வந்த குமிழி இன்று ஏன் வரவில்லை என்பது இன்னும் முழுதாகப் பிடிபடாத கேள்வி. இந்தத் துறையை விட்டு என்னால் விலக முடியாததற்கு அதுவே காரணம்.

சூரியனில் திடீரென்று வெடிக்கும் ஒளியான சூரியச் சுடரையும், சூரியன் மேகமாக வீசியெறியும் பிளாஸ்மா வெளியேற்றத்தையும் ஒன்றாகக் குழப்புவது செய்திகளில் அன்றாடம் நடக்கிறது. சுடரின் எக்ஸ் கதிர் சுமார் 8 நிமிடத்தில் வந்து, பகல் பக்கத்துச் சிற்றலை வானொலியைத்தான் கெடுக்கும். பிளாஸ்மா மேகம் வந்துசேரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். மேகம் வேகமாக வருகிறது என்பதை மட்டும் வைத்துப் பெரும் புயல் என்று அறிவிப்பதும் தவறு. அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் புவியின் காந்தக் கவசம் நன்றாகத் திறக்கும். அந்தத் திசையை நம்பகமாக அளப்பது புவியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், இந்தியாவின் ஆதித்யா-எல்1 போன்ற விண்கலங்கள் இருக்கும் இடத்தில்தான். அங்கே அளந்தபின் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

சிறிய புயல்தானே என்று விட்டுவிடுவதும் ஆபத்து. 2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஏவிய 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் 38 விழுந்து எரிந்தன. அதற்குக் காரணமானது பெரிய புயலே அல்ல. அதனால் மேல்வளிமண்டலம் சூடாகி விரிந்தது. சுமார் 210 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த கலங்களால் அந்த இழுவையைத் தாங்க முடியவில்லை.

இப்போது எல்லோரும் கணினிக்குப் பயிற்சி கொடுத்துக் கணிக்கிறார்கள். "90 சதவீதம் சரி" என்ற வரியைக் கண்டால் நின்று யோசியுங்கள். நூறு இரவுகளில் தொண்ணூறு அமைதியானவை என்றால், தினமும் "அமைதி" என்று சொல்லும் பொம்மைகூட அதே மதிப்பெண் வாங்கும். குமிழி வந்த பத்து இரவுகளில் எத்தனையைப் பிடித்தது, எத்தனை முறை வீணாக எச்சரித்தது என்று தனித்தனியே கேளுங்கள். தரவைச் சீட்டுக்கட்டு போலக் குலுக்கிப் பிரிக்கவும் கூடாது. ஒரே இரவின் 8 மணித் தரவு பயிற்சிக்கும் 8.15 மணித் தரவு சோதனைக்கும் போனால், விடையைக் காட்டிவிட்டுத் தேர்வு வைத்த மாதிரி. முந்தைய ஆண்டுகளில் பயிற்சி கொடுத்து, அது பார்த்தே இராத பிந்தைய ஆண்டில் சோதியுங்கள்.