வாரம் முழுக்கப் பால் கேன், தை மாதம் காளை: இரண்டுக்கும் ஒரே வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஊசூர், ஒடுகத்தூர், கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கம், காளைகளை ஓடவிடும் எருது விடும் விழாவுக்குக் காளை வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் அதற்கென்று தனி வண்டி வைத்துக்கொள்ள முடியாது. பால் கேன், தீவனப்புல், தக்காளிப் பெட்டி ஏற்றும் அதே வண்டியில்தான் தை பிறந்ததும் காளையும் ஏற வேண்டும். வாங்கப் போகும்போது பெரும்பாலும் எஞ்சினையும் மைலேஜையும் மட்டும் கேட்கிறோம். காளைக்கு அவை இரண்டாம்பட்சம். அது நான்கு காலில் உறுதியாக நிற்கிற தளம், அந்தத் தளத்தின் உயரம், பின்பட்டை (பின் சக்கரத்தின் லீஃப் ஸ்பிரிங்), பிரேக் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏற்றும்போது ஒருமுறை வழுக்கி விழுந்த காளையை மறுபடி வண்டிப் பக்கம் கொண்டுபோவதே பெரும்பாடு.

காருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டி இழுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வெளிநாடுகளில் குதிரையை அப்படிக் கொண்டுபோகிறார்கள். அங்கே ஒவ்வொரு காருக்கும் எத்தனை கிலோ இழுக்கலாம் என்று கம்பெனியே எழுதிக் கொடுக்கிறது. உங்கள் காரின் கையேட்டில் இழுவை எடை எழுதியில்லை என்றால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவும் வேண்டும். நம் தேவைக்குச் சிறிய லோடு வண்டியே போதும்.

முதலில் எடைக் கணக்கு. ஆர்.சி. புத்தகத்தில் வெறும் வண்டியின் எடையும், லோடோடு அனுமதித்த மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. டிரைவரும் கூட வருபவரும் அதற்குள் அடக்கம். சின்ன யானை என்று நாம் கூப்பிடும் டாட்டா ஏஸ் வகை வண்டியில் சுமார் 750 கிலோ ஏற்றலாம். ஓட்டத்துக்கு வளர்க்கும் காளை 300 முதல் 450 கிலோ வரை இருக்கும். 420 கிலோ காளை என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் கட்டும் கம்பிக் கூண்டு 90 கிலோ, தளத்துக்குப் போடும் செக்கர் பிளேட் (புடைப்புள்ள இரும்புத் தகடு) 80, ஏற்றுப் பலகை 50, கேபினில் இரண்டு பேர் 140. கூட்டினால் 780 வருகிறது. ஒற்றைக் காளைக்கே 30 கிலோ அதிகம். செக்கர் பிளேட்டைத் தவிர்த்து மரச்சட்டமும் தேங்காய்நார் விரிப்பும் போட்டால் கணக்கு மட்டுமட்டாகத்தான் அடங்கும். எனவே 350 கிலோவுக்குள் இருக்கும் காளை ஒன்று, பக்கத்து ஊர் வரை பயணம் என்றால் சின்ன யானை போதும். அதற்கு மேல் அதைக் கஷ்டப்படுத்தக் கூடாது.

காளை ஆற்று மணலில் நன்றாக நிற்கும் என்று தளத்தில் இரண்டு அங்குலம் மணல் கொட்டுகிற பழக்கம் உண்டு. ஏழடி நீளம், ஐந்தடி அகலத்துக்கு இரண்டு அங்குல மணல் ஏறக்குறைய 260 கிலோ. காளையோடு அரைக் காளையும் சேர்த்து ஏற்றுகிறோம் என்று அர்த்தம். அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

அடுத்து இடம். மத்திய மோட்டார் வாகன விதி 125ஈ, கால்நடை ஏற்றும் வண்டியில் மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டர் ஒதுக்கச் சொல்கிறது. சின்ன யானையின் தளம் மூன்றேகால் சதுர மீட்டர் அளவில் இருப்பதால் ஒரு காளைதான். நீளம் ஏழடிக்குக் கொஞ்சம் மேல் என்பதால் நீண்ட உடம்புக் காளைக்கு மூக்கு முன்னாலும் வால் பின்கதவிலும் முட்டும். அசோக் லேலண்ட் தோஸ்த் வகை வண்டியில் தளம் எட்டடிக்குச் சற்று மேல் நீளம், ஐந்தேகால் அடி அகலம், அதாவது நான்கு சதுர மீட்டர். ஏற்றும் திறனும் ஒன்றேகால் டன் பக்கம். ஒரு காளை தாராளமாக நிற்கும். நடுவில் உறுதியான தடுப்பு இருந்தால் ஒன்றாக வளர்ந்த இரண்டு காளைகள் நிற்கும். ஒன்றையொன்று பார்த்தே இராத காளைகளைத் தடுப்பை நம்பிக்கூட ஏற்றாதீர்கள்.

அப்படியானால் இன்னும் பெரிய பிக்கப் இன்னும் நல்லதா? இல்லை. 1.7 டன் தாங்கும்படி செய்த பட்டை, 400 கிலோவுக்கு வளைந்தே கொடுக்காது. பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் நேராகக் காளையின் முழங்காலுக்குப் போகும். இரண்டு மணி நேரம் அப்படிக் குலுங்கி வந்த காளை ஓட்டத்துக்கு முன்பே காலில் தளர்ந்திருக்கும். இரண்டு மூன்று காளைகளை அடிக்கடி ஏற்றுபவருக்கும், வாரநாளில் செங்கல், சிமெண்ட் ஓட்டுபவருக்கும் பிக்கப் சரி. ஒரு காளை வீட்டுக்குத் தோஸ்த் அளவே பொருத்தம் என்பது எங்கள் தீர்மானம். அனுமதித்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்பதும் ஒரு வசதி. பெரிய பிக்கப்களில் சில அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பின்பட்டைகளை எண்ணுங்கள். மணல், ஜல்லி ஓட்டிய வண்டியில் கூடுதல் பட்டை சேர்த்திருப்பார்கள். அதைக் கழற்றாமல் காளை ஏற்றக் கூடாது. பட்டையின் நடு போல்ட் அருகே துருக்கோடு தெரிந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். தளத்தை உள்ளங்காலால் தட்டிப் பாருங்கள். மந்தமாகச் சத்தம் வந்தால் அடியில் துரு தின்றிருக்கிறது. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) ஒவ்வொரு வருஷமும் எடுக்க வேண்டும் என்பதையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் சோதனையை வெறும் வண்டியில் செய்வதில் பயனில்லை. சிமெண்ட் மூட்டை அடுக்கியும் பயனில்லை, ஏனென்றால் அது தாழ்ந்து அசையாமல் கிடக்கும். காளையின் எடை தளத்துக்கு மேலே மூன்றடி உயரத்தில் நின்று ஆடும். 200 லிட்டர் நீல டிரம் இரண்டை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் முக்கால் அளவு தண்ணீர் விட்டு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். மூடியை முறுக்கி மூட மறக்காதீர்கள். தண்ணீர் அலையடிக்கும்போது வண்டி எப்படிச் சாய்கிறது என்று தெரியும். பேர்ணாம்பட்டிலிருந்து பத்தலப்பள்ளி மலைப்பாதை மாதிரி ஏற்றமும் வளைவும் உள்ள சாலையில் ஓட்டிப் பாருங்கள். போக்குவரத்து இல்லாத ஏற்றத்தில் நிறுத்தி, கை பிரேக்கை மட்டும் போட்டுப் பத்து நொடி விடுங்கள். வண்டி ஒரு அங்குலம் பின்னால் நகர்ந்தாலும் பிரேக் ஷூ மாற்றிய பிறகுதான் காளை. வளைவு முடிந்து நேரான பிறகும் இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது.

வாங்கிய பிறகு பாடி வேலை. கம்பெனி கொடுக்கும் பக்கத் தடுப்பு ஓரடி உயரம்தான். காளைக்கு நாலரை அடி வேண்டும். கீழ் இரண்டரை அடியைத் தகடால் மூடிவிடுங்கள், இல்லையென்றால் படுத்து எழும்போது கால் இடுக்கில் சிக்கும். மேலே ஒன்றரை அங்குலக் குழாய். கொம்பு நுழைந்து மாட்டிக்கொள்ளாதபடி இடைவெளியை வைத்து, நெஞ்சு படும் முன்கம்பியில் பழைய டியூப் சுற்றுங்கள். கூண்டைப் போல்ட் போட்டுக் கழற்றும்படி செய்தால் மற்ற நாட்களில் இறக்கி வைத்துவிடலாம். நிரந்தரமாக வெல்டிங் செய்வதாக இருந்தால் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள். தளத்தில் ஓரடிக்கு ஒன்றாக, ஓர் அங்குல உயரத்தில் குறுக்குச் சட்டம், அதன்மேல் நார் விரிப்பு. வைக்கோல் மட்டும் போட்டால் சாணமும் மூத்திரமும் சேர்ந்ததும் எண்ணெய் தடவியது போல ஆகிவிடும்.

ஏற்றுப் பலகையின் நீளம் தள உயரத்தைப் போல மூன்று மடங்கு. டேப் வைத்து அளந்து பாருங்கள். 70 செ.மீ. என்றால் 2.1 மீட்டர். அதற்குக் குறைந்தால் சரிவு செங்குத்தாகி, முன்கால் வைத்த காளை பின்கால் வைக்காது. வரப்பு மேட்டில் வண்டியைப் பின்பக்கமாகச் சாத்துவது இதைவிட நல்லது. ஆனால் மேட்டுக்கும் தளத்துக்கும் நடுவே இடுக்கு இருக்கக் கூடாது. காளை ஏறுவதைக் கிட்டே நின்று கவனியுங்கள். முதலில் மோந்து பார்க்கும், பிறகு ஒரு குளம்பை மட்டும் வைத்து மெல்லத் தட்டும். இரும்பு ‘ணங்’ என்றால் காலை எடுத்துவிடும். அதனால் பலகைமேல் சாக்கு விரித்து, பின்கதவுச் சங்கிலிக்குத் துணி சுற்றிவிடுங்கள். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே, நிறுத்தி வைத்த வண்டிக்குள் தினமும் தீனி காட்டினால் அன்றைக்கு அடியும் கூச்சலும் தேவைப்படாது.

கட்டும்போது மூக்கணாங்கயிற்றைக் கம்பியில் கட்டவே கூடாது. ஒரு பிரேக்குக்கு மூக்கு கிழிந்துவிடும். கழுத்தில் இறுகாத முடிச்சாகத் தும்பு போட்டு, அதிலிருந்து ஒன்றரை முதல் இரண்டடி கயிறு விட்டு, இழுத்தால் உடனே அவிழும் உருவு முடிச்சு போடுங்கள். காளை விழுந்தால் ஒரே இழுப்பில் விடுவிக்க முடிய வேண்டும். முகம் எஞ்சின் பக்கம் பார்த்திருக்கட்டும். 1978ஆம் வருஷத்து விலங்குப் போக்குவரத்து விதிகளும் அதையே சொல்கின்றன. கூடவே ஓர் ஆள் வர வேண்டும், வேறு சரக்கு ஏற்றக் கூடாது, பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் தரும் சான்று இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. வரும் ஆள் கேபினில் உட்காரட்டும். காளையோடு பின்னால் நிற்கும் பையன்கள்தான் முதலில் நசுங்குகிறவர்கள்.

ஓட்டும்போது 40ஐத் தாண்ட வேண்டாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக் மிதிக்காதீர்கள். வேலூர் வெயிலில் காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். மேலே வெளிர் நிறத் தார்ப்பாய், பக்கங்கள் திறந்தபடி. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி மாதிரி இடத்தில் வரிசை நீண்டால் நின்ற வண்டிக்குள் காற்று இராது, அப்போதுதான் காளை வாயில் நுரை தள்ளும். இறக்கிய பிறகு தண்ணீர் காட்டி, நிழலில் கட்டி, இரண்டு மணி நேரமாவது கால் ஆறட்டும்.

வீடு திரும்பியதும் அன்றே விரிப்பைத் தூக்கித் தளத்தைக் கழுவுங்கள். மூத்திரம் மூலை வெல்டிங்கில்தான் தேங்கி அரிக்கும். நான்கு மூலையிலும் அரை அங்குலத் துளை போட்டு வைத்தால் தண்ணீர் நிற்காது. மறுநாள் பால் கேன் ஏற்றுவதற்குள் தளம் காய்ந்திருக்க வேண்டும்.