அண்ணாந்தே பார்த்தால் ஆறுமணிக்குருவி தெரியாது

மார்கழி பிறந்தால் வலசைப் பறவைகளைப் பார்க்க வேடந்தாங்கலுக்குக் கிளம்பிவிடுகிறோம். சரி, போய் வாருங்கள். ஆனால் அதே நாட்களில் நம் கொல்லைப்புறத்துக்கும் விருந்தாளிகள் வந்திருப்பார்கள். அவர்களைக் கோட்டை விடுவதுதான் முதல் தவறு.

அடுத்தது, மரத்தையே அண்ணாந்து பார்ப்பது. வடக்கே இமயமலை அடிவாரம் வரை இனப்பெருக்கம் செய்துவிட்டு இங்கே வரும் ஆறுமணிக்குருவி, தரையில் சருகைக் கிளறித்தான் பூச்சி தேடும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் விசிலடிப்பதால் அந்தப் பெயர். கொடிக்கால் வாலாட்டிக்கும் சருகுதான் சாப்பாட்டு மேசை. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். நாமோ சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று சருகைக் கூட்டிக் கொளுத்திவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு வருடம் இடுப்பு பிடித்துக்கொண்டு கூட்டாமல் விட்டபோதுதான் வேலியோரம் ஆறுமணிக்குருவியைப் பார்த்தேன்!

அக்டோபர் வாக்கில் இது களைத்துப்போய் வீட்டுக்குள் வந்து விழுவதும் உண்டு. பாலோ சோறோ ஊட்டாதீர்கள். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தெளிந்ததும் திறந்து விடலாம். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சின்னதாய், பழுப்பாய் இருப்பதெல்லாம் சிட்டுக்குருவி அல்ல. புதருக்குள்ளிருந்து 'டக்... டக்' என்று நாக்கைச் சொடுக்குவது போலக் கேட்டால், அது பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்க்குருவி. ஆளைப் பார்ப்பது கஷ்டம், காதைத்தான் நம்ப வேண்டும். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான் (swallow) பறவையை உழவாரன் (swift) என்பவர்களும் உண்டு. உழவாரனின் கால் அமைப்புக்குக் கம்பியில் உட்காரவே முடியாது. செம்பருத்தியில் தேன் குடிப்பது ஹம்மிங்பேர்டும் அல்ல, நம்மூர்த் தேன்சிட்டு. ஹம்மிங்பேர்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு.

குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தானியக் கூண்டு தொங்கவிடுவது இன்னொரு வேடிக்கை. அங்கே பனியில் இரை கிடைக்காது. இங்கே வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு பூச்சிகளுக்கா பஞ்சம்? நம் தோட்டத்துக்கு வரும் விருந்தாளிகளில் பலரும் பூச்சி தின்னிகள். தானியத்துக்குப் புறாக்கள்தான் வந்து சேரும்.

கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். தன் இடத்துக்குப் போட்டி வந்துவிட்டதென்று அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும்.

அப்புறம், பொங்கலோடு பைனாகுலரைப் பரணில் போட்டுவிடாதீர்கள். விருந்தாளிகள் பலரும் மார்ச், ஏப்ரல் வரை இங்கேதான் இருப்பார்கள்.