ஹார்மோன் மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? மாதவிலக்கு நின்ற பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதவிலக்கு நின்ற பின் எழுதித்தரப்படும் ஹார்மோன் மருந்தைத் தொடங்கிய சில நாட்களிலேயே "எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை" என்று மூடிவைத்துவிடும் பெண்களைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்தாளுநராக இருக்கும் நான் தொடர்ந்து பார்க்கிறேன். மார்பு கனத்து வலிக்கிறது, வயிறு உப்புகிறது, தலை வலிக்கிறது, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் மிகை எதுவும் இல்லை. ஹார்மோன் அளவில் ஏற்படும் சிறு மாற்றத்தைக்கூடச் சில உடல்கள் தாங்குவதில்லை. ஆனால் மருந்தை விட்ட பிறகு பழைய அவதி திரும்ப வருகிறது. நடு இரவில் உடம்பு திகுதிகுவென்று எரிந்து, தலையணை நனைய வியர்த்து, விடியும்வரை விழித்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. கத்திரி வெயிலில், கடற்கரை ஊரின் புழுக்கத்தோடு அதையும் சேர்த்துச் சுமக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒத்துக்கொள்ளாதது எது என்று பார்க்காமலே முழுச் சிகிச்சையையும் விட்டுவிடுவது முதல் தவறு.

அந்தச் சீட்டில் பெரும்பாலும் இரண்டு ஹார்மோன்கள் இருக்கும். ஒன்று ஈஸ்ட்ரோஜன். உடல் எரிச்சல், வியர்வை, தூக்கமின்மை, பிறப்புறுப்பின் வறட்சி ஆகியவற்றைத் தணிப்பதும், எலும்பு தேய்வதைத் தடுப்பதும் இதுதான். மற்றொன்று புரோஜெஸ்டிரோன் அல்லது அதைப் போன்ற செயற்கை மருந்து. ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கத்தான் இரண்டாவது மருந்து. கர்ப்பப்பையை அகற்றிவிட்டவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். நம் பக்கத்தில் நாற்பது வயதுக்குள்ளேயே கர்ப்பப்பை எடுக்கப்பட்ட பெண்கள் நிறையப் பேர். ஆனால் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

புரோஜெஸ்டிரோனை மட்டும் விட்டுவிடுவது

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு இதுதான். "மாத்திரை நன்றாக இருக்கிறது, இரவில் போடும் கேப்சூல்தான் ஆகவில்லை, அதனால் அதை விட்டுவிட்டேன்" என்று ஒருவர் சொல்லும்போது எனக்குப் பதறுகிறது. கர்ப்பப்பை இருக்கும் பெண் அப்படிச் செய்தால் உடம்புக்கு உடனே நிம்மதியாகத்தான் இருக்கும். உள்ளே சுவர் தடிப்பது வெளியே தெரியாது.

அவர் கவனித்ததில் பிழை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மன எரிச்சல், கோபம், சோர்வு, வயிற்று உப்புசம், முகப்பரு போன்றவை பெரும்பாலும் புரோஜெஸ்டிரோன் பக்கத்துத் தொல்லைகள். மார்பு வலி, குமட்டல், கெண்டைக்காலில் நரம்பு இழுப்பது ஆகியவை ஈஸ்ட்ரோஜனால் வருவது அதிகம். தலைவலி இரண்டாலும் வரும். இளம் வயதில் மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மனம் மிகவும் வாடியவர்கள், பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் விழுந்தவர்கள் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைத் தாங்கச் சிரமப்படக்கூடும். மருத்துவர் கேட்காவிட்டாலும் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

கண்டுபிடிக்க ஒரு நாட்காட்டி போதும். மாதத்தில் 12 முதல் 14 நாட்கள் மட்டும் புரோஜெஸ்டிரோன் எடுக்கும் முறையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. அந்த நாட்களில் மட்டும் தொல்லை வந்து, பிறகு தெளிந்துவிட்டால் எது காரணம் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். அந்தத் தாளோடு போனால் மருத்துவர் மாற்றிப் பார்க்க வழிகள் உண்டு. நார்எத்திஸ்டிரோன், மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் போன்ற செயற்கை வகையிலிருந்து, உடலில் சுரப்பதற்கு இணையான மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோனுக்கு மாறலாம். வழக்கமான அளவு தினமும் 100 மில்லிகிராம், அல்லது சில நாட்கள் மட்டும் எடுக்கும் முறையில் 200 மில்லிகிராம். இது தூக்கத்தை வரவழைக்கும் என்பதால் படுக்கும் முன் எடுக்க வேண்டும். காலையில் விழுங்கிவிட்டு "நாள் முழுவதும் கிறுகிறுப்பு" என்று வருந்தியவர்கள் உண்டு. வாய்வழி தாங்காதவர்களுக்கு மருத்துவர் இதையே பிறப்புறுப்பு வழியாக வைக்கச் சொல்வதுண்டு. மற்றொரு வழி, லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் பொருத்துவது. தோற்றத்தில் காப்பர் டி போல இருக்கும். மருந்து பெரும்பாலும் கர்ப்பப்பையிலேயே வேலை செய்வதால் இரத்தத்தில் கலப்பது குறைவு. சிகிச்சையின் பகுதியாகப் பொருத்தினால் 5 ஆண்டுகள்வரை பாதுகாப்புத் தரும்.

புரோஜெஸ்டிரோன் கேப்சூல்களில் சில, கடலை எண்ணெயில் கலந்து செய்யப்பட்டவை. மல்லாட்டை விளையும் நம் மாவட்டத்தில் அது ஒவ்வாமை தரும் என்று நினைப்பவர் குறைவு. ஆனால் அரிப்பும் தடிப்பும் ஹார்மோனால் வந்தவையாக இல்லாமல், உள்ளே இருக்கும் எண்ணெயால் வந்தவையாக இருக்கலாம். அட்டையைத் தூக்கி எறியாமல் மருந்தாளுநரிடம் காட்டுங்கள்.

அளவும் பொறுமையும்

தொடக்கத்தில் வரும் மார்பு வலியும் உப்புசமும் பலருக்கு மூன்று மாதங்களுக்குள் தணிந்துவிடும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. குறைந்த அளவில் தொடங்கி, உடல் பழகப் பழகக் கூட்டுவது நுண்ணுணர்வுள்ள உடலுக்கு ஏற்ற வழி. மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளான உடலுக்கு இது இன்னும் அவசியம். அளவை மருத்துவர் மாற்றட்டும். ஒரு நாள் போட்டு, இரண்டு நாள் விட்டு, மனம் போனபடி எடுப்பதுதான் ஹார்மோனை மேலும் கீழும் ஆட்டி உடம்பைப் படுத்துகிறது.

மாத்திரை குமட்டினால் இரவு உணவோடு எடுத்துப் பாருங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் தோலில் தடவும் ஜெல் அல்லது ஒட்டும் பேட்ச் பற்றிக் கேளுங்கள். மாத்திரை வயிறு, கல்லீரல் வழியாகப் போகிறது. இவை நேரே இரத்தத்துக்குப் போகின்றன. மாத்திரையால் இரத்தம் உறையும் ஆபத்து சற்றுக் கூடும். வழக்கமான அளவில் தோல்வழி மருந்தால் அது கூடுவதாகத் தெரியவில்லை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் பொதுவாகத் தோல்வழியே நல்லது. எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது. சீட்டைக் கொடுத்து முன்கூட்டியே சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.

நம் ஊர் வியர்வையில் இவற்றுக்குத் தனிக் கவனம் வேண்டும். குளித்து, ஈரம் போகத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே சற்று ஆறிய பிறகு ஜெல்லைத் தடவுங்கள். மேல்கை அல்லது தொடை சரியான இடம். மார்பில் ஒருபோதும் கூடாது. அது நன்றாகக் காயும்வரை அடுப்பருகே போகாதீர்கள், ஏனெனில் ஜெல்லில் எரியக்கூடிய ஆல்கஹால் இருக்கிறது. அந்த ஆல்கஹாலே சிலருக்குத் தோல் எரிச்சலைத் தரும். தடவிய இடத்தில் பேரக்குழந்தையின் உடல் படாமல் மூடிக்கொள்ளுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பேட்ச் என்றால் இடுப்புக்குக் கீழே ஒட்ட வேண்டும். உள்பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் ஒட்டினால் உராய்ந்து சிவக்கும், உரிந்தும் வரும். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள்.

மற்ற மருந்துகளைச் சொல்லாமல் விடுவது

தைராய்டு மாத்திரை போடும் பெண்கள் இல்லாத தெரு இங்கே கிடையாது. ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக எடுக்கும்போது தைராக்சின் தேவை கூடலாம். அப்போது வரும் சோர்வையும் எடை கூடுவதையும் ஹார்மோன் மருந்தின் குற்றமாக நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். தொடங்கி இரண்டு, மூன்று மாதங்களில் டிஎஸ்ஹெச் பரிசோதனை செய்துகொண்டால் விடை கிடைத்துவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான கார்பமாஸெபைன், ஃபெனிடாயின் போன்றவையும் ஹார்மோனின் பலனைக் குறைக்கும்.

சொல்லக் கூச்சப்படும் இன்னொன்று, வறட்சிக்கும் அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றுக்கும் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம். மெலிந்துபோன தோலில் முதல் சில வாரங்கள் எரியலாம். தோல் தேறியதும் பெரும்பாலும் குறையும். இதில் இரத்தத்துக்குப் போகும் அளவு மிகக் குறைவு. மாத்திரை ஒத்துக்கொள்ளாத பலரும் இதைத் தாங்குகிறார்கள். மகளிடம்கூடச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் எரிச்சலோடு நடமாடுவது எந்தப் பெண்ணுக்கும் வேண்டாம்.

பயத்தால் வரும் தவறு, பயமில்லாததால் வரும் தவறு

2002இல் இந்த ஹார்மோன் சிகிச்சை பற்றிய அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம் பற்றிய அச்சம் உலகம் முழுவதும் பரவியது. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. இன்றைய மருத்துவக் கருத்துப்படி, 60 வயதுக்குள் அல்லது மாதவிலக்கு நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்கும், வேறு தடைகள் இல்லாத, தொல்லை அதிகமுள்ள பெண்களுக்குப் பெரும்பாலும் நன்மையே கூடுதல். இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்துப் பல ஆண்டுகள் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் ஆபத்து சிறிதளவு கூடுகிறது என்பதும் உண்மை. அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரைப் பார்த்து, தேவையா என்று மறுபடி முடிவு செய்ய வேண்டும்.

தொடக்க மாதங்களில் திட்டுத்திட்டாக இரத்தம் படுவது சகஜம். மூன்று மாதங்களைத் தாண்டியும் தொடர்ந்தால், அல்லது நின்றது மீண்டும் வந்தால், ஸ்கேன் எடுக்காமல் இருக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால் அதை ஒவ்வாமை என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். ஜிப்மருக்குப் போகப் பாண்டி பஸ்ஸுக்கு நிற்காமல் 108ஐ அழையுங்கள்.

எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தும் தாங்காத பெண்கள் இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சை பொதுவாகத் தரப்படுவதில்லை. இவர்களுக்கு வென்லாஃபாக்சின், காபாபென்டின் போன்ற ஹார்மோன் அல்லாத மருந்துகள் உடல் எரிச்சலைக் குறைக்கும். அறிதல் நடத்தைச் சிகிச்சை என்ற மன ஆலோசனை முறையும் உதவுகிறது. என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத "இயற்கை ஹார்மோன்" பொடிகளை நான் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை. டமோக்சிஃபென் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் உடல் எரிச்சலுக்குத் தரப்படும் பராக்ஸிடின் அந்தப் புற்றுநோய் மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.