கேரம் கிளப் பையன்களுக்குப் போர் எதிர்ப்புக் கதை சொல்வது எப்படி

வியாசர்பாடியோ ராயபுரமோ, கேரம் கிளப்பில் பத்துப் பையன்களை உட்கார வைத்து, 1960களில் அமெரிக்காவில் நீளமுடியும் பூவுமாக அன்பு, சமாதானம் பேசிய ஹிப்பி இளைஞர்களைப் பற்றிப் பேசப் போகிறீர்களா? எடுத்ததுமே அமெரிக்காவில் ஆரம்பிக்காதீர்கள், எழுந்து போய்விடுவார்கள். எம்டனில் ஆரம்பியுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் நம்ம துறைமுகத்தின் மேல் குண்டு போட்டதில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயர் நீதிமன்ற மதிலில் அதற்கான கல்வெட்டு இருக்கிறது, முதல் நாளே போய் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அமெரிக்கா வியட்நாமில் நடத்திய போர். இங்கே அவசரப்படாதீர்கள். நீளமுடி, பூ, பாட்டு என்று மட்டும் சொன்னால் சிரிப்பார்கள் (முதல்முறை நான் அப்படித்தான் சொதப்பினேன்). கட்டாய ராணுவச் சேவையைச் சொல்லுங்கள். 1969 டிசம்பரில் அமெரிக்க இளைஞர்களின் பிறந்த தேதிகளைக் குலுக்கல் போட்டு, யாரை முதலில் ராணுவத்துக்கு அழைப்பது என்று வரிசை எடுத்தார்கள், அதையே இவர்கள் பிறந்த தேதிகளைச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுச் செய்து பாருங்கள், அறை அமைதியாகிவிடும். போரை எதிர்த்த எல்லோரும் ஹிப்பிகள் இல்லை, எல்லா ஹிப்பிகளும் ஊர்வலத்துக்குப் போனவர்களும் இல்லை.

1973ல் அந்தக் கட்டாயம் நின்றது. 2003 பிப்ரவரி 15 அன்று இராக் போருக்கு எதிராக உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கியும் மார்ச்சில் போர் தொடங்கிவிட்டது. ஏன் என்று அவர்களையே பேச விடுங்கள். 1958ல் பிரிட்டனில் அணு ஆயுத எதிர்ப்புக்காக வரைந்த சமாதானச் சின்னம், எம்.சி. ரோட்டில் வாங்கிய டி-ஷர்ட்டில் யார் மேலாவது இருந்தால் அங்கேயே காட்டுங்கள்.

பேச்சு சூடாகி, தெருவில் நிற்கலாம் என்று யாராவது சொன்னால் சரி, ஆனால் முன்கூட்டியே மனு கொடுத்து போலீஸ் அனுமதி வாங்கிவிடுங்கள்.