புல் ஊறல் கிளோவர் வேரைத் தடுக்கிறதா? தட்டில் சோதிக்கும் முறை

ஃபெஸ்க்யூ என்ற மேய்ச்சல் புல் தழைத்த இடத்தில் கிளோவர் என்ற தீவனப் பயறுச் செடி தேறவில்லை என்றால், புல்தான் ஏதோ விடுகிறது என்று சொல்லிவிடுகிறோம். நிழலும் தண்ணீர்ப் போட்டியும்கூடக் காரணமாக இருக்கலாம். அவை இல்லாமல் புல்லின் வேதிப்பொருளை மட்டும் சோதிப்பது இப்படி. (ஒரு செடியின் வேதிப்பொருள் இன்னொரு செடியைப் பாதிக்கும் இந்த விளைவுக்கு ‘அலெலோபதி’ என்று 1937-இல் பெயர் வைத்தவர் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ்.)

1. நிழலில் காயவைத்த புல் இலை 5 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மில்லி. 24 மணி நேரம் குளிர்ந்த இடத்தில் ஊறவைத்து வடிகட்டி, அன்றே பயன்படுத்துங்கள். மிக்ஸி வேண்டாம். மழையில் கரைந்து வராததெல்லாம் அரைத்தால் வந்துவிடும்.

2. ஊறலைப் பாதியாகவும் காலாகவும் நீர்த்துக்கொள்ளுங்கள்.

3. தட்டில் வடிதாள், அதன்மேல் 20 கிளோவர் விதை, 4 மில்லி ஊறல். ஒவ்வோர் அளவுக்கும் மூன்று தட்டு.

4. ஒப்பீட்டுத் தட்டு. நான் சறுக்கியது இங்கேதான். வெறும் தண்ணீரை மட்டும் ஒப்பிட்டேன். ஊறல் தட்டில் வேர்கள் நுனி பழுத்து, குட்டையாக நின்றன. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன்! பிறகு ஈசி மீட்டரை (நீரின் மின்கடத்தலை அளந்து உப்பின் அளவைக் காட்டும் கருவி) விட்டுப் பார்த்தால், ஊறலில் உப்பு ஏகம். காய்ந்த புல்லில் பொட்டாசியம் நிறைய. ஊறும்போது அது அப்படியே இறங்கிவிடும். கிளோவருக்கோ உப்பு ஆகாது. அதனால் அதே ஈசி வரும்வரை பொட்டாசியம் குளோரைடு கரைத்த தண்ணீரில் இன்னொரு வரிசை வையுங்கள். சமையல் உப்பு வேண்டாம், சோடியம் தனித் தொல்லை. காசு செலவழிப்பதானால் ஈசி மீட்டருக்குத்தான். நுண்ணோக்கி இதற்குத் தேவையே இல்லை.

5. 20 டிகிரி வாக்கில் வைத்து, ஐந்தாம் நாள் வேர் நீளத்தை அளவுகோலால் அளங்கள். முளைத்த எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். முளைப்பு சரியாக இருந்தும் வேர் பாதியாக நிற்பதுண்டு.

பின்சேர்க்கை: தண்ணீர்த் தட்டிலேயே பாதி விதை கல்லாகக் கிடக்கிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். தோல் கெட்டியான விதை அது. உப்புத்தாளில் லேசாக இரண்டு தேய்ப்புப் போதும்.

பின்சேர்க்கை 2: ஊறலில் இறங்கும் சர்க்கரையும் வேரைக் குட்டையாக்கலாம், அதை ஈசி மீட்டர் காட்டாதே என்றார் ஒரு வாசகர். உண்மைதான். ஊறலில் ஒரு பங்கை, நன்றாகக் கழுவிய செயலூட்டிய கரியோடு (ஆக்டிவேட்டட் சார்கோல்) கலக்கி வடிகட்டித் தனித் தட்டில் விடுங்கள். வேரைத் தடுப்பதாக நாம் சந்தேகிக்கும் ஃபீனாலிக் அமிலங்கள் என்ற தாவர வேதிப்பொருள்களைக் கரி பிடித்துக்கொள்ளும், பொட்டாசியத்தையும் சர்க்கரையையும் பெரும்பாலும் விட்டுவிடும். அந்தத் தட்டில் வேர் நீண்டால் சந்தேகம் அமிலங்கள் மேல். அப்போதும் குட்டையாகவே நின்றால் முதலில் உப்பையும் சர்க்கரையையும் பாருங்கள்.