பிளெண்டரில் பிரஷ் வேலை செய்யவில்லையா?

3டி உருவங்கள் செய்யும் மென்பொருளான பிளெண்டரைத் திறந்ததும் நடுவில் நிற்கும் அந்தக் கனசதுரத்தை அப்படியே ஸ்கல்ப்ட் மோடுக்கு, அதாவது களிமண் போலச் செதுக்கும் முறைக்குக் கொண்டுபோய் பிரஷ்ஷால் தேய்தேய் என்று தேய்த்தாலும் ஒன்றும் நடக்காது. அதில் இருப்பது மொத்தமே 8 புள்ளிகள்தான், பிரஷ் எதைப் பிடித்து இழுக்கும்? மேலே ரீமெஷ் என்று ஒரு மெனு இருக்கும், பொருளின் பரப்பைச் சிறு கட்டங்களாகப் புதிதாகப் பின்னித் தருவது அது. அதில் வாக்ஸெல் அளவை, அதாவது கட்டத்தின் அளவை, 0.1-லிருந்து 0.05 ஆக்கிவிட்டு கன்ட்ரோல்+ஆர் அழுத்துங்கள், களிமண் மாதிரி இழைய ஆரம்பிக்கும். ஆசைப்பட்டு ஒரேயடியாக 0.001 போட்டுவிடாதீர்கள், அளவைப் பாதியாக்கினாலே முகங்கள் (பரப்பில் உள்ள அந்தச் சிறு கட்டங்கள்) ஏறக்குறைய 4 மடங்காகும், கம்ப்யூட்டர் திணறி நின்றுவிடும். எதற்கும் முதலில் சேவ் பண்ணிக்கொள்ளுங்கள்.

பிரஷ் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் நீண்டு பதிகிறதா? ஆப்ஜெக்ட் மோடில் (பொருளை முழுதாக நகர்த்தி, அளவு மாற்றும் முறை) பொருளை இழுத்து நீட்டியிருப்பீர்கள். அங்கேயே திரும்பப் போய் கன்ட்ரோல்+ஏ, அதில் ஸ்கேல், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்களில் பாதிக்கு இதுதான் பதில் என்பேன்.

சில இடத்தில் மட்டும் பிரஷ் பிடிக்கவில்லை, அந்த இடம் கறுத்துத் தெரிகிறது என்றால் கை தவறி மாஸ்க் (பிரஷ் படாமல் காக்கும் மறைப்பு) பூசியிருக்கிறீர்கள், ஆல்ட்+எம் அடித்தால் போய்விடும். அப்புறம், மல்ட்டிரெஸ் மாடிஃபயர் (பரப்பைப் படிப்படியாக நுணுக்கமாக்கும் வசதி) போட்ட பொருளில் வாக்ஸெல் ரீமெஷ் ஓடாது, இரண்டில் எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.