பெரிய ஜீப்பு கரண்டில் வரட்டும் என்று காத்திருக்கிறீர்களா?

காரைக்குடிப் பக்கம் பழைய பெரிய வண்டி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஹைபிரிட் வரட்டும், அப்புறம் மாத்திக்கலாம்." எங்கள் அம்மான் மூன்று வருஷமாக இதையே சொல்கிறார். நானும் காத்திருக்கிற ஆள்தான், அதனால் காத்திருக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எது வரப்போகிறது என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை, அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

ஹைபிரிட் என்ற ஒரே பேரில் மூன்று வேறு சாமான் விற்கிறது. 2025 ஜூனில் டொயோட்டா ஃபார்ச்சூனரில் வந்த நியோ டிரைவ் 48 வோல்ட் வகை. அதே 2.8 லிட்டர் டீசல் எஞ்சின், பக்கத்தில் சின்ன மோட்டார் ஒன்று கைகொடுக்கும், வெறும் கரண்டில் வண்டி ஒரு தெரு தாண்டாது. இன்னோவா ஹைகிராஸில் இருப்பது வேறு: கொஞ்ச தூரம் மோட்டாரிலேயே ஓடும், பேட்டரியைத் தானே நிரப்பிக்கொள்ளும். மூன்றாவது, பிளக் போட்டு சார்ஜ் ஏற்றுகிற வகை. எது வேண்டும் என்று முடிவு பண்ணாமல் ஷோரூம் போனால் அவர்களிடம் இருப்பதைத்தான் தலையில் கட்டுவார்கள்.

மைலேஜில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். அமெரிக்காவில் விற்கிற லேண்ட் குரூசர் 2024 மாடலிலிருந்து ஹைபிரிட்டாக மட்டுமே வருகிறது. அதன் மைலேஜ் 23 என்று போட்டிருந்ததை அம்மான் போனில் காட்டினார். ஹைகிராஸுக்குக் கம்பெனி சொல்வதும் 23 சொச்சம்தானே, மனுஷருக்கு ஏகக் குஷி. அங்கே அது கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டருக்கு) 23 மைல். வகுத்துப் பார்த்தால் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்கூடத் தேறவில்லை. அந்த வண்டியின் பேட்டரி இரண்டு யூனிட்டுக்கும் குறைவாகத்தான் கரண்டு பிடிக்கும், அதிலுள்ள மோட்டார் மைலேஜைவிட முக்கியமாக இழுவைக்கு வைத்தது. அம்மான் போனை மடியில் வைத்துவிட்டு "காப்பி சாப்பிடுறியா" என்றார்.

வரி குறையும் என்ற நினைப்பும் பழசாகிவிட்டது. முன்பு பெரிய டீசல் ஜீப்புக்கு 50 சதவீதம், பெரிய ஹைபிரிட்டுக்கு 43. 2025 செப்டம்பர் 22-லிருந்து இரண்டுக்கும் 40. முழு மின்சார வண்டிக்கு மட்டும்தான் 5.

அடுத்தது, மேடையில் காட்டியதையெல்லாம் வரப்போகிற வண்டி என்று நம்புவது. மஹிந்திராவின் மின்சார 'தார்' ஜீப்பை 2023 ஆகஸ்ட் 15 அன்று கேப் டவுனில் காட்டினார்கள், மாதிரி வண்டிதான். அதற்குப் பிறகு அதே மஹிந்திரா 2024 நவம்பரில் சென்னையில் இறக்கிய பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டுக்கும் பின்சக்கர இழுவை மட்டும்தான், காட்டுப் பாதைக்கு ஆகாது. டாடா ஹாரியர் மின்சார வண்டியின் மேல் வகையில் இரண்டு மோட்டார், நான்கு சக்கரமும் இழுக்கும். ரேஞ்ச் ரோவர் மின்சார வண்டிக்குக் காத்திருப்போர் பட்டியலை 2023 டிசம்பரிலேயே திறந்தார்கள், வண்டியோ தள்ளித் தள்ளிப் போனது. தேதி சொல்லி விலை சொன்னால் ஒழிய அதை நம்பிப் பழைய வண்டியின் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

"மழைத் தண்ணியில் கரண்டு வண்டி இறங்குமா?" இந்த பயம் தேவையில்லை. மெர்சிடீஸின் மின்சார ஜீப்பு ஜி 580, 85 சென்டிமீட்டர் தண்ணீரில் போகும், அதே ஜீப்பின் எஞ்சின் வகைக்கு 70தான். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார், 116 யூனிட் பேட்டரி, 2025-ல் இங்கே வந்தபோதே விலை மூன்று கோடி, அது நமக்கு எதற்கு, விடுங்கள். பயப்பட வேண்டியது எடைக்கு. அந்த ஜி 580 மூன்று டன்னைத் தாண்டுகிறது. போன ஐப்பசியில் தோப்புக்குப் போகிற வழியில் என் சாதாரண டீசல் வண்டியே செம்மண் சேற்றில் அச்சு வரை இறங்கி, கருவேலங்கிளையை வெட்டி டயருக்கடியில் திணித்தும் நகராமல், கடைசியில் டிராக்டர்தான் வந்து இழுத்தது. எத்தனை மோட்டார் இருந்தாலும் அந்தச் சேறு எடையைப் பார்த்துத்தான் விடும்.

நம் ஊருக்கென்றே ஒரு தவறு இருக்கிறது: வண்டியைப் பார்ப்பது, வீட்டைப் பார்க்காமல் விடுவது. 75 யூனிட் பேட்டரியை 15 ஆம்பியர் பிளக்கில் ஏற்றினால் ஒரு முழு நாள் ஆகும். 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் ராத்திரி போட்டுக் காலையில் எடுக்கலாம், ஆனால் அதற்குத் தனி லைன், ஒழுங்கான எர்த், கூடுதல் லோடு எல்லாம் வேண்டும். எங்கள் பக்கத்து வளவு வீட்டு (முற்றம் வைத்த பழைய செட்டிநாட்டு வீடு) ஒயரிங்கைப் பார்த்திருப்பீர்கள், தேக்குக் கட்டையில் ஆணி அடித்து ஓட்டியது, பித்தளை சுவிட்சு. (1948-லேயே அழகப்பச் செட்டியார் முன்னூறு ஏக்கர் கொடுத்து சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்த ஊர் இது. அங்கே லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது, இங்கே முகப்பில் ஒரு பிளக் பாயிண்ட் கிடையாது.)

இபி இணைப்பு அம்மானின் ஐயா பேரில் இருக்கிறது. லோடு கூட்ட வேண்டுமானால் முதலில் பேர் மாற்ற வேண்டும், அதற்குப் பங்காளிகள் சம்மதம் வேண்டும். ஏழு புள்ளி வீடு, அதாவது ஏழு குடும்பத்துக்குப் பங்கு. ஐந்து பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. ஒருவர் மலேசியாவில். மிச்சமிருக்கிறவருக்கும் அம்மானுக்கும் கிணற்றடிச் சுவர் விஷயத்தில் பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருஷம் ஆகிறது.